மன்றம் காலியாக இருந்த நாட்களில்

போடிநாயக்கனூர் ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலைதான். மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர் ஓடிவந்த மீட்டர்கேஜ் பாதை 1928-ல் இந்த அடிவாரத்தில் வந்து நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். பிறகு அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டு முடிவோடு ரயிலை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் வந்துவிடும் என்று நம்பிய ரயில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவே இல்லை. மனுக் கொடுத்தார்கள், ஆர்ப்பாட்டம் செய்தார்கள், ஒவ்வொரு ரயில்வே பட்ஜெட்டின்போதும் தங்கள் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். 2022 மே 26-ல் மதுரை-தேனிப் பாதை திறக்கப்பட்டது. 2023 ஜூன் 15-ல் போடிக்கு ரயில் வந்தது. இன்று இங்கே ஏறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம்.

பழைய பொதுச்சொத்து ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு திரும்பப் பெற்ற ஊர் என்ற வகையில் போடியின் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. தமிழகத்தின் பல ஊர்களில் இப்போது பழைய மைதானங்களைச் சுற்றி இதே மாதிரியான கேள்விகள் எழுகின்றன. கேலரியில் விரிசல் விழுந்திருக்கிறது, கூரையில் கம்பி தெரிகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா, பழுதுபார்த்து வைத்துக்கொள்ளலாமா? கூடவே ஒரு வணிக வளாகமும் வந்தால் என்ன? பதில் சொல்ல வேண்டியது அந்த இடத்தின் சொந்தக்காரரான நகராட்சி மன்றம் அல்லது மாநகராட்சி மன்றம். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் உட்கார்ந்து, எதிர்ப்பையும் ஆதரவையும் கேட்டு, தீர்மானம் போட்டு முடிவெடுக்க வேண்டும்.

தமிழகத்தின் இரண்டு பெரிய மைதானங்களின் கதையைப் புரட்டினால் திடுக்கிட வைக்கும் ஒற்றுமை ஒன்று தெரிகிறது. முடிவெடுத்த காலத்தில் அந்த இரண்டு மன்றங்களிலும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

413 ரன்கள் எடுத்த இடம்

முதல் கதை சென்னை பெரியமேட்டில் நடந்தது. இன்றைய ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில் அதற்கு முன் இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். பெயரே சொல்வதுபோல அது சென்னை மாநகராட்சியின் சொத்து. 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிரான டெஸ்ட்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க விக்கெட்டுக்கு 413 ரன்கள் சேர்த்தது இங்கேதான். மன்கட் 231, ராய் 173. சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டம் என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாதனையை உலகில் வேறு எந்த ஜோடியாலும் 52 ஆண்டுகள் முறியடிக்க முடியவில்லை. 2008-ல் தென் ஆப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித்தும் நீல் மெக்கென்ஸியும் 415 எடுத்த பிறகுதான் அது இரண்டாம் இடத்துக்குப் போனது.

1956 முதல் 1965 வரை இந்த மைதானத்தில் ஒன்பது டெஸ்ட்கள் நடந்தன. இங்கிலாந்திடமிருந்து இந்தியா முதன்முதலாக ஒரு தொடரைக் கைப்பற்றியதும் 1962 ஜனவரியில் இங்கே கிடைத்த வெற்றியால்தான். 1967-ல் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிய பின்னும் கால்பந்தும் தடகளமும் இங்கே தொடர்ந்தன.

1993-ல் அதே இடத்தில் புதிய விளையாட்டரங்கம் எழுந்தது. நவீன வசதிகள் வந்தன, 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. நகருக்கு அப்படி ஓர் அரங்கம் தேவையாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பழைய மைதானத்தின் ஒரு பகுதியையாவது, ஒரு கேலரியையாவது, 413 ரன்களுக்கு ஒரு கல்வெட்டையாவது விட்டுவைக்கலாமா என்று மாநகராட்சி மன்றத்தில் எழுந்து நின்று கேட்க ஆளில்லை. மஸ்டர் ரோல் ஊழல் விவகாரத்துக்குப் பின் 1973-ல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல்தான் நடந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகள் நகரத்தை நிர்வகித்தவர்கள் தனி அதிகாரிகள்.

அந்த வட்டாரத்தில் அந்த 23 ஆண்டுகளில் என்னென்ன போயின என்று பார்த்தால் மைதானம் அந்தப் பட்டியலில் ஒன்று மட்டுமே. பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. இடம் ரயில்வேயிடம் போய், புறநகர் ரயில் நிலையக் கட்டடம் வந்தது. உயிரியல் பூங்கா அதே ஆண்டு வண்டலூருக்குப் போனது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவாக இருந்த நிலத்தைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் இவை அத்தனையும் எழுந்தன. கார்ப்பரேஷன் ஸ்டேடியமும் அப்படி வந்ததே. பழையது என்பதாலேயே ஒன்று பழியற்றதாகிவிடாது. பூங்காவை விழுங்கியது மைதானம், மைதானத்தை விழுங்கியது அரங்கம். ஒவ்வொரு கட்டத்திலும் நகரவாசிகளைக் கேட்டிருந்தால் இவற்றில் எது மிஞ்சியிருக்கும் என்பதை இனி அறிய வழியில்லை.

ரயிலின் மறுமுனையில்

இரண்டாவது கதை போடிக்காரர்களுக்குப் பக்கம். போடி ரயிலில் ஏறி மதுரையில் இறங்கினால் சற்றுத் தொலைவில் தமுக்கம்.

தமிழகத்தில் இன்னும் பெயர் மாறாமல் நிற்கும் மிகப் பழைய பொது அரங்கம் இதுவாகத்தான் இருக்கும். இங்கே ராணி மங்கம்மாளின் கோடைகால அரண்மனை இருந்தது. எதிரேயிருந்த திடலில் யானைச் சண்டையும் வீர விளையாட்டுகளும் நடந்ததாகவும், அரச குடும்பத்தார் மேலேயிருந்து பார்த்ததாகவும் மதுரையில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அரண்மனை பின்னர் ஆற்காடு நவாப், கிழக்கிந்தியக் கம்பெனி என்று கைமாறி, வெள்ளைக்கார அதிகாரிகளின் குடியிருப்பாக இருந்து, 1959 ஏப்ரல் 15-ல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக நேருவால் திறந்துவைக்கப்பட்டது. அரண்மனை பிழைத்துக்கொண்டது.

திடல் மாநகராட்சியின் கையில் இருந்தது. சித்திரைத் திருவிழா முடிந்ததும் அரசுப் பொருட்காட்சி, அரசியல் மாநாடு, புத்தகத் திருவிழா, சர்க்கஸ் என்று ஆண்டு முழுவதும் அங்கே ஏதாவது நடக்கும். 1981-ல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்ததன் நினைவாகத் தமிழன்னை சிலை அங்கேதான் நிற்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மதுரை இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்ததும் அங்கேதான். தேனி, கம்பம், போடிப் பிள்ளைகள் பலருக்கு ராட்டினம் என்றாலே தமுக்கம் பொருட்காட்சிதான் நினைவுக்கு வரும்.

ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் மதுரை இடம்பிடித்தது 2016 செப்டம்பரில். அடுத்த மாதமே, 2016 அக்டோபரில், தமிழகம் முழுவதும் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வழக்குகளில் சிக்கித் தள்ளித் தள்ளிப் போய், நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. இடையில் ஐந்தாண்டுகளுக்கு மேல் மதுரையில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. ஸ்மார்ட் சிட்டிக்காக அமைக்கப்பட்ட தனி நிறுவனமும் அதிகாரிகளும் திட்டங்களை வகுத்தார்கள். தமுக்கம் திடலில் குளிரூட்டப்பட்ட மாநாட்டு மையம் கட்டுவது அவற்றில் ஒன்று. திறந்தவெளி சுருங்கிவிடும், எளியவர்கள் கூடும் இடம் வாடகை கட்டக்கூடியவர்களுக்கான இடமாகிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் மனு கொடுத்தார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். அவர்களுடைய குரல் ஒரு மன்றக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை, ஏறுவதற்குக் கூட்டமே இல்லாததால். புதிய மன்றம் பதவியேற்ற 2022-லேயே மையம் திறக்கப்பட்டது. கட்டி முடித்த கட்டடத்தைப் பற்றி மன்றம் என்ன விவாதிக்க முடியும்?

மாநாட்டு மையம் மதுரைக்கு வேண்டாம் என்பதல்ல இங்கே வாதம். தொழில் கண்காட்சிகளுக்கு நல்ல அரங்கம் இல்லை என்ற குறை அங்கே நெடுநாளாக இருந்தது. அதை நகருக்குள் மிச்சமிருந்த மிகப் பழைய திடலின் மேல்தான் கட்ட வேண்டுமா என்ற ஒரே ஒரு கேள்வியை, முடிவெடுக்கும் முன் நூறு வார்டுகளின் பிரதிநிதிகளும் பேசியிருக்க வேண்டும்.

மன்றம் இருந்தும் திணறும் ஊர்

மன்றம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அகமதாபாத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நவரங்புராவில் சர்தார் வல்லபபாய் படேல் ஸ்டேடியம் இருக்கிறது. இப்போது நரேந்திர மோடி பெயரில் உள்ள மொடேரா மைதானத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது அதற்கு மூத்தது, அகமதாபாத் மாநகராட்சிக்குச் சொந்தமானது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1960களில் உருவாக்கியது. காகிதத்தை மடித்ததுபோல மடிப்பு மடிப்பான கான்கிரீட் கூரை, முன்புறம் தூண் எதுவும் தாங்காமல் பார்வையாளர்களின் தலைக்கு மேல் நீண்டு நிற்கிறது. இந்திய மண்ணில் நடந்த முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி 1981 நவம்பர் 25-ல் இங்கிலாந்துக்கு எதிராக இங்கேதான் நடந்தது. அதுவே இந்த மைதானத்தின் கடைசி சர்வதேசப் போட்டியும் ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் மொடேரா வந்துவிட்டது.

பெரிய ஆட்டங்கள் போய்விட்டால் பராமரிப்புக்கான பணமும் போய்விடும். கான்கிரீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழகத்தின் அநேகப் பழைய கேலரிகளுக்கும் இதே நோய்தான். அந்தக் காலத்தில் கம்பிக்கு மேல் போட்ட கான்கிரீட் பூச்சு பெரும்பாலும் மெலிது. மழைநீர் கசிந்து கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு உப்பும். அந்த உப்பல் மேலே இருக்கும் கான்கிரீட்டை வெடித்துத் தள்ளுகிறது. கீழே விழுந்த சில்லைப் பார்த்ததும் கட்டடம் முடிந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சுக் கொடுத்து, விழுந்த பகுதியைச் சரியான கலவையால் அடைத்தால் கட்டடம் நிற்கும். நிற்குமா நிற்காதா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். போடி ஏலக்காய் வியாபாரி சாம்பிள் காயைக் கையில் எடுத்து, உரித்து, அரியின் நிறத்தையும் மணத்தையும் பார்த்த பிறகே விலை கேட்பார். இடிக்கும் டெண்டருக்கு முன் கட்டட உறுதிச் சோதனை அறிக்கையைப் பொதுவில் வைப்பதும் அவ்வளவு சாதாரணமான நடைமுறையாக வேண்டும்.

படேல் ஸ்டேடியத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கட்டடக் கலைஞர்களும் நகரவாசிகளும் எழுப்பிய குரல் நியூயார்க்கிலிருந்து இயங்கும் உலக நினைவுச்சின்ன நிதியத்தை எட்டியது. அதன் 2020-ஆம் ஆண்டு கண்காணிப்புப் பட்டியலில் இந்த ஸ்டேடியம் இடம்பெற்றது. இடிக்கும் முடிவை அதன்பின் எந்த மாநகராட்சியும் எளிதில் எடுத்துவிட முடியாது. முழுமையாகச் செப்பனிடும் செலவு யாருடையது என்பதுதான் அங்கே திணறல்.

மகேந்திர ராஜின் இன்னொரு படைப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவாலோடு சேர்ந்து அவர் 1972-ல் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்துத் தள்ளினார்கள். பாரம்பரியக் கட்டடமாகக் கருத வேண்டுமானால் 60 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அப்போது வயது 45. சுதந்திர இந்தியா கட்டிய நல்ல மைதானங்கள் பெரும்பாலானவை இந்த வயதுக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. தமிழகத்திலோ பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியும், நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

கோலாலம்பூரின் மெர்டேக்கா ஸ்டேடியத்துக்கு வயது ஒரு தடையாக இருக்கவில்லை. 1957 ஆகஸ்ட் 31-ல் துங்கு அப்துல் ரஹ்மான் மலாயாவின் விடுதலையை அறிவித்த களம் அது. ரப்பர் தோட்டத் தமிழர்களின் பிள்ளைகள் தங்களில் ஒருவராகக் கொண்டாடிய கோல்கீப்பர் ஆர்.ஆறுமுகம், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர், 1980-ல் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் நின்றதும் அங்கேதான். 1990களில் அந்த நிலம் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது. எதிர்ப்பு கிளம்பியது, பொருளாதார நெருக்கடி வந்தது, திட்டம் நின்றது. 2003-ல் தேசியப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்தார்கள். அதன்பின் செய்த காரியம்தான் கவனிக்க வேண்டியது. இடையில் கூட்டம் சேர்ப்பதற்காக ஏற்றிக் கட்டிய மேல்தட்டுக் கேலரிகளை அகற்றி, 1957-ல் இருந்த அளவுக்கே மைதானத்தைக் குறைத்தார்கள். விடுதலையின் பொன்விழா அங்கே நடந்தது. மறு ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

விளையாடுகிறவரை மைதானம்

போடிப் பக்கம் திரும்பலாம். குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷனில் சில கல் கட்டுமானங்களின் எச்சங்கள் கிடக்கின்றன. மூணாற்றின் தேயிலையை இறக்குவதற்காக 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள், 1908-ல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன்வரை ரயில். அங்கிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. யாரும் திரும்பப் போடவில்லை. போட்டது தேயிலைக் கம்பெனி, விட்டதும் கம்பெனி. அது தன்னுடையது என்று உரிமை கொண்டாட எந்த ஊரும் இல்லை.

அதே கம்பெனி மலைகளில் பழைய மூணாறு மைதானம் இன்றும் உயிரோடிருக்கிறது. எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி 1940களிலிருந்து அங்கே நடந்துவருகிறது. தேயிலை பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் எஸ்டேட்டுக்காக மூணு தலைமுறையாகத் தொண்டை கிழியக் கத்தும் இடம் அது. நிலம் கம்பெனியுடையதாக இருந்தாலும் அந்தப் போட்டியை நிறுத்திவிட்டு அங்கே வேறொன்றைக் கட்டுவது யாருக்கும் லேசான காரியமாக இருக்காது.

கீழே பெரியகுளத்திலும் இதே கதைதான். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் கோடையில் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு ராணுவ அணி, ரயில்வே அணி, வங்கி அணிகள் எல்லாம் வரும். மின்விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி ஆட்டம். மாங்காய் வியாபாரியும் பஸ் டிரைவரும் மூணு பாயின்ட் ஷாட்டுக்கு விசிலடிப்பார்கள். கேலரியின் கட்டடக் கலையை ஆராய அங்கே யாரும் போவதில்லை. ஆனால் அந்த ஆடுகளத்தைத் தொட்டால் ஊர் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாதுகாப்புக் கோரிக்கைகள் தோற்பது பல நேரங்களில் இதனால்தான். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று எழுப்பும் குரல் பலவீனமானது. காலையில் நடக்கிறவர்கள், மாலையில் கபடிக்கு வரும் பையன்கள், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஜீப் ஏறாத தோட்டத் தொழிலாளர்கள் எல்லாம் புழங்கும் மைதானத்துக்காக எழும் குரலை எந்த மன்றமும் அலட்சியப்படுத்தாது. ஆகவே பழுதான கேலரியைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, மைதானத்தை மட்டும் திறந்துவைக்க வேண்டும். முழு மைதானத்தையும் ஆண்டுக்கணக்கில் மூடிவைத்துவிட்டு, யாரும் வருவதில்லை என்று பின்னால் காரணம் காட்டுவதை ஏற்க முடியாது.

2011 கணக்கெடுப்பின்படி 75,675 பேர் வாழும் போடியில் 33 வார்டுகள். இந்த நகராட்சியும் 2016 முதல் 2022 வரை மன்றம் இல்லாமல்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரு மினி ஸ்டேடியம் என்று மாநில அரசு திட்டம் போட்டு, ஒன்றுக்கு ரூ.3 கோடி என்று அறிவித்திருக்கிறது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் காலி நிலம் கிடைக்காத ஊர்களில் அதிகாரிகளின் கண் முதலில் விழுவது இருக்கும் மைதானத்தின் மேல்தான். சுற்றுச்சுவர் கட்டி, செயற்கை ஓடுதளம் போட்டு, நேரம் குறித்து, கட்டணம் வைத்துத் திறந்தால், வெறுங்காலோடு வந்தவர்கள் வெளியே நிற்க நேரும்.

அதைத் தடுக்கும் கருவி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2022-ல் வந்த விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளில் வார்டு குழுவும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. ஆண்டுக்கு நான்கு முறை கூடி, கிராம சபையில்போலத் தெருவாசிகள் தங்கள் கோரிக்கையைப் பதிவுசெய்யலாம். முதல் சபைகள் 2022 நவம்பர் 1-ல் கூடின. தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்பவற்றோடு அங்கே மைதானமும் பேசுபொருளாக வேண்டும். நகராட்சி எல்லைக்குள் விளையாட்டுக்கும் கூட்டத்துக்கும் பயன்படும் திறந்தவெளிகள் எவை, நில அளவைப் பதிவேட்டில் அவை யார் பெயரில், எந்த வகைப்பாட்டில் இருக்கின்றன, பரப்பு எவ்வளவு என்று ஒரு பட்டியல் எடுத்து மன்றத்தில் தீர்மானமாகப் போட்டுவிடலாம். செலவில்லாத வேலை. அந்த நிலங்களில் எது கட்டுவதானாலும் அந்தந்தப் பகுதி சபையின் கருத்தைக் கேட்ட பிறகே டெண்டர் என்று அதே தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

அவசரப்படச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச்சில் பதவியேற்ற நகர்மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அடுத்த தேர்தல் குறித்த நேரத்தில் நடந்தால் நல்லது. நடக்காவிட்டால் மன்றத்தின் இடத்தில் மறுபடியும் தனி அதிகாரி உட்காருவார். அவர் திட்டக் கோப்பைத் திறக்கும்போது, முந்தைய மன்றம் போட்ட தீர்மானத்தின் நகல் அதில் முதல் தாளாக இருக்க வேண்டும்.